பிஎஸ்4, பிஎஸ்5: டிரைவை மாற்ற வேண்டுமா? அறிகுறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பிஎஸ்4, பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன்) கேம் கன்சோல் கொஞ்சம் மந்தமானாலே, "ஒரு எஸ்எஸ்டி போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பு டிரைவ். பல நேரம் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் டிரைவை மாற்றுவதால் தீருகிற பிரச்சினைகள் மூன்றே மூன்று: இடம் போதாமை, டிரைவ் படிக்கும் வேகம் குறைவாக இருப்பது, டிரைவே பழுதாகிக்கொண்டிருப்பது. வேறு எந்தக் கோளாறுக்கும் புது டிரைவ் வாங்கினால் காசுதான் போகும், கோளாறு அப்படியே இருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் கன்சோலில் நடப்பது இந்த மூன்றில் ஒன்றுதானா என்று பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் ஒரு வித்தியாசம்

பிஎஸ்4-க்குள் இருப்பது லேப்டாப்பில் வரும் சாதாரண 2.5 அங்குல சாட்டா (டிரைவை இணைக்கும் ஒரு வகை) ஹார்ட் டிஸ்க். சிஸ்டம் மென்பொருள், கேம்கள், சேவ் ஃபைல்கள் (கேமில் எதுவரை வந்திருக்கிறீர்கள் என்ற பதிவு) எல்லாமே அதில்தான் இருக்கும். அதைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். அதற்கு வசதியாகவே சோனி அதை வடிவமைத்திருக்கிறது.

பிஎஸ்5 அப்படி இல்லை. 2020-இல் வந்த முதல் மாடலில் 825 ஜிபி சேமிப்பு, சிப்களாக மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதை நீங்கள் கழற்ற முடியாது. உள்ளே இருக்கும் எம்.2 ஸ்லாட் (மெல்லிய, நீளமான எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) கூடுதல் இடத்துக்கானது மட்டுமே. 2021 செப்டம்பர் அப்டேட்டில்தான் அந்த ஸ்லாட் வேலை செய்ய ஆரம்பித்தது. அதனால் பிஎஸ்5-இல் 'டிரைவ் மாற்றுகிறேன்' என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு டிரைவைச் சேர்ப்பது. உள்ளே இருக்கும் சேமிப்பே பழுதானால் எம்.2 போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

எதைத் தொடுவதற்கும் முன்: சேவ் ஃபைல்

கேமைத் திரும்ப டவுன்லோடு செய்துகொள்ளலாம். இரண்டு வருடம் உட்கார்ந்து விளையாடிய சேவ் ஃபைல் எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டில் குழந்தைகள் விளையாடும் கன்சோல் என்றால் அவர்களுடைய கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

பிஎஸ்4-இல் செட்டிங்ஸுக்குள் 'அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மேனேஜ்மென்ட்' என்று இருக்கும். அதிலிருந்து ஒரு பென்டிரைவுக்கு சேவ் ஃபைல்களை நகலெடுக்கலாம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடிலும் ஏற்றலாம். டிராபிகளையும் (கேமில் கிடைக்கும் சாதனைப் பதக்கங்கள்) ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள்.

பிஎஸ்5-இல் ஒரு சிக்கல் உண்டு. பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலைத் தனியாக பென்டிரைவில் நகலெடுக்க விடமாட்டார்கள். ஒன்று, பிளஸ் சந்தா வழியாகக் கிளவுடில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் செட்டிங்ஸில் உள்ள 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர்' வழியாக மொத்தமாக ஒரு யூஎஸ்பி டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும். எம்.2 சேர்ப்பதால் உள்ளே இருப்பது எதுவும் அழியாது என்றாலும், மூடியைத் திறக்கிற நாளில் பேக்கப் கையில் இருப்பது நல்லது.

அறிகுறி: 'இடம் போதவில்லை' என்று வருகிறது

அதிகம் பேர் கேட்பது இதைப் பற்றித்தான், அவசரப்பட்டுக் காசு செலவழிப்பதும் இதற்காகத்தான்.

முதலில் கணக்கு. 500 ஜிபி பிஎஸ்4-இல் கேமுக்குக் கிடைப்பது சுமார் 400 ஜிபி. 1 டிபி மாடலில் சுமார் 860. பிஎஸ்5-இன் 825 ஜிபியில் 667-தான் உங்களுக்கு. மீதியை சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் வைத்து விளையாடினாலும் கேம் முழுவதும் டிரைவில் இன்ஸ்டால் ஆகும். 'டிஸ்க்தானே, இடம் பிடிக்காது' என்று நினைத்திருந்தால் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தாண்டுவது இப்போது சாதாரணம்.

'40 ஜிபி காலி இருக்கிறது, ஆனால் ஒரு அப்டேட்டுக்கு இடம் இல்லை என்கிறதே?' பிஎஸ்4-இல் இது கோளாறு அல்ல. அப்டேட்டைப் போடும்போது அது பழைய ஃபைல்களை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதிதாக ஒரு நகலை உருவாக்குகிறது. அந்த வேலைக்கு நடுவில் கேமின் அளவுக்கே இன்னொரு மடங்கு இடம் தேவைப்படலாம். அதனால் பிஎஸ்4-இல், நீங்கள் வைத்திருக்கும் மிகப் பெரிய கேமின் அளவுக்குக் காலி இடம் எப்போதும் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு விட முடியவில்லை என்றால் உங்களுக்கு உண்மையிலேயே இடப் பற்றாக்குறை.

வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். கேப்ச்சர் கேலரியில் பழைய வீடியோக்கள் குவிந்திருக்கும். பிஎஸ்5-இல் ஒவ்வொரு டிராபி கிடைக்கும்போதும் தானாகவே ஒரு வீடியோ பதிவாகும். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் 'கேப்ச்சர்ஸ் அண்ட் பிராட்காஸ்ட்ஸ்' பகுதியில் அதை நிறுத்திவிடலாம். சில பிஎஸ்5 கேம்களில் கதைப் பகுதியையோ மல்டிபிளேயரையோ தனியாக நீக்கவும் வழி இருக்கிறது. கதையை முடித்துவிட்டு ஆன்லைனில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இதிலேயே நிறைய இடம் கிடைக்கும்.

அப்புறம் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே காலத்தில் எத்தனை கேம் ஆடுகிறீர்கள்? ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் என்றால் முடித்ததை அழித்துவிடலாம். கேமை அழித்தால் சேவ் ஃபைல் போகாது, அது தனியாக இருக்கும். தடுப்பது ஒன்றே ஒன்று, இன்டர்நெட். 100 ஜிபி கேமைத் திரும்ப இறக்க 50 எம்பிபிஎஸ் இணைப்பில் நாலரை மணி நேரம் ஆகும், அதுவும் முழு வேகம் கிடைத்தால். மாத டேட்டா வரம்பு உள்ள இணைப்பு என்றால் ஒரு கேமிலேயே கணிசமான பங்கு போய்விடும். நல்ல ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு அழித்து இறக்குவதே போதும். மெதுவான இணைப்பில் இருப்பவருக்கும், வீட்டில் மூன்று பேர் மூன்று விதமான கேம் ஆடுகிறவர்களுக்கும் கூடுதல் டிரைவ் நியாயமான செலவு.

அப்படி முடிவு செய்தாலும் கன்சோலைத் திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 2017 மார்ச்சில் வந்த 4.50 அப்டேட்டிலிருந்து பிஎஸ்4-இல் வெளி யூஎஸ்பி டிரைவிலேயே கேமை வைத்து விளையாடலாம். யூஎஸ்பி 3.0 ஆக இருக்க வேண்டும், 250 ஜிபியிலிருந்து 8 டிபி வரை ஏற்கும். ஹப் வழியாக இணைக்கக் கூடாது, நேராகக் கன்சோலில் செருக வேண்டும். டிரைவை ஃபார்மட் செய்து அதில் இருப்பதை அழித்துவிடும் என்பதால் குடும்பப் படங்கள் உள்ள டிரைவைக் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள்.

பிஎஸ்5-இல் யூஎஸ்பி டிரைவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் வைத்திருக்க மட்டும்தான் முடியும், ஆட வேண்டும் என்றால் உள்ளே நகர்த்த வேண்டும். ஆனாலும் இது நல்ல வழி. சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 100 ஜிபி கேம் இருபது நிமிடத்துக்குள் உள்ளே வந்துவிடும். நாலரை மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎஸ்5 கேம்களை நகர்த்திக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருக்கிறது என்றால், அப்போதுதான் எம்.2.

அறிகுறி: லோடிங் ரொம்ப நேரம் எடுக்கிறது

பிஎஸ்4 என்றால் கேட்க வேண்டிய கேள்வி: வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, சமீபத்தில் மோசமானதா?

ஆரம்பம் முதலே இப்படித்தான் என்றால் அது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் (5400 ஆர்பிஎம்) அந்த ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு. எஸ்எஸ்டி போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். பெரிய திறந்த உலகம் கொண்ட கேம்களில் அதிகம் தெரியும், சிறிய கேம்களில் அவ்வளவு தெரியாது. லோடிங் நேரம் ஏன் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறைவதில்லை என்றால், டிரைவிலிருந்து வந்த டேட்டாவை விரித்தெடுக்கும் வேலை பிராசஸருடையது. பிஎஸ்4-இன் பிராசஸர் 2013-லேயே மெதுவானது என்று பெயர் வாங்கிய ஜாகுவார் கோர்கள். டிரைவ் எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும் அதற்கு மேல் அதனால் விழுங்க முடியாது. முதல் பிஎஸ்4-இன் சாட்டா இணைப்பும் பழைய 3 ஜிபிபிஎஸ் வகை, அதாவது விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. புரோ மாடலில்தான் 6 ஜிபிபிஎஸ். அதனால் பிஎஸ்4-க்கு விலை உயர்ந்த எஸ்எஸ்டி தேவையே இல்லை. வாரண்டி உள்ள சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும்.

அதைவிட எளிய வழி வெளியே செருகும் யூஎஸ்பி எஸ்எஸ்டி. லோடிங் நேரத்தில் உள்ளே போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மெனு வேகம் மட்டும் பழையபடியே இருக்கும், ஏனென்றால் சிஸ்டம் உள்ளே உள்ள ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஸ்குரூடிரைவர் பிடிக்கப் பயமாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பிற்பாடு பிஎஸ்5 வாங்கினால் அதே எஸ்எஸ்டியை அதில் செருகி பிஎஸ்4 கேம்களைத் தொடர்ந்து ஆடலாம்.

சமீபத்தில்தான் மெதுவானது என்றால் உடனே வாங்காதீர்கள். முதலில் டேட்டாபேஸை ரீபில்ட் செய்யுங்கள், அதாவது டிரைவில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை கன்சோல் புதிதாகத் தயாரிக்கட்டும். கன்சோலை முழுவதும் அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் உடனே ஒரு பீப், சுமார் 7 விநாடி கழித்து இரண்டாவது பீப் கேட்கும். அப்போது கையை எடுங்கள். கோளாறுகளைச் சரிசெய்வதற்கான சேஃப் மோடு வரும். கன்ட்ரோலரை கேபிளால் இணைக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் வேலை செய்யாது, டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். பிஎஸ்4-இல் ஐந்தாவது தேர்வு 'ரீபில்ட் டேட்டாபேஸ்'. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழிப்பவை, கை தவறிவிடக் கூடாது. ரீபில்ட் முடிந்த பிறகு வேகம் திரும்பினால் டிரைவ் நன்றாக இருக்கிறது, டிரைவும் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். திரும்பவில்லை, அதோடு மெனுவும் உறைந்து உறைந்து நிற்கிறது என்றால் டிரைவ் தேய்ந்துவருகிறது என்று சந்தேகப்படலாம். கீழே உள்ள எரர் பகுதியைப் படியுங்கள்.

பிஎஸ்5-இல் லோடிங் நீளமாக இருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. நீங்கள் ஆடுவது பிஎஸ்4 பதிப்பா என்று பாருங்கள். ஒரே கேமின் இரண்டு பதிப்பும் இருக்கும்போது பழையது தெரியாமல் இன்ஸ்டால் ஆகிவிடுவது உண்டு. அல்லது அந்த பிஎஸ்4 கேம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். உள்ளே நகர்த்தினாலே மாற்றம் தெரியும். உண்மையான பிஎஸ்5 கேம் மெதுவாக லோடு ஆகிறது என்றால் எம்.2 வாங்கி ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கக்கூடியது. பிஎஸ்5-க்கு எம்.2 வாங்குவது இடத்துக்காக மட்டுமே.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பிறகு 'காப்பியிங்' முடிவே இல்லாமல் ஓடுகிறது

இது பிஎஸ்4-க்கே உரியது. மேலே சொன்ன நகலெடுக்கும் வேலைதான் இது. இன்டர்நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, டவுன்லோடு எப்போதோ முடிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் வேண்டியிருப்பதால் திணறுகிறது. அடிக்கடி அப்டேட் வரும் ஆன்லைன் கேம் ஒன்றைத் தினமும் ஆடுகிறவர் என்றால் எஸ்எஸ்டிக்கு இதுவே போதுமான காரணம். லோடிங்கைவிட இதில்தான் அதிக நேரம் மிச்சமாகும். மாதம் ஒருமுறை வரும் தொல்லை என்றால் ரெஸ்ட் மோடில் (முழுவதும் அணையாத தூக்க நிலையில்) விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

அறிகுறி: ஆடும்போது திக்குகிறது

ஒரு சின்னச் சோதனை. கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மெதுவாகச் சுற்றுங்கள். நின்ற இடத்திலேயே திக்கினால் அது கிராபிக்ஸ், பிராசஸர் சம்பந்தப்பட்டது. டிரைவுக்குத் தொடர்பில்லை. இப்போது வண்டியிலோ குதிரையிலோ வேகமாகப் புது இடங்களுக்குப் போங்கள். அப்போது மட்டும் படம் ஒரு கணம் நின்று போகிறது, தூரத்துச் சுவர்கள் மங்கலாக வந்து பிறகு தெளிவாகின்றன என்றால் டிரைவ் ஈடுகொடுக்கவில்லை. பிஎஸ்4-இல் எஸ்எஸ்டி இதைக் குறைக்கும். சராசரி ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்ணை) அது உயர்த்தாது.

ஆன்லைனில் மட்டும் திக்கினால், எதிராளி திடீரென்று இடம் மாறித் தெரிந்தால், அது இணைய இணைப்பு. வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சத்தம்

விமானம் கிளம்புவதைப் போன்ற இரைச்சல் என்றால் அது ஃபேன். தூசியைத் துடைப்பது, காற்றுப் போக இடம் விடுவது, பழைய கன்சோல் என்றால் தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றுவது. டிரைவை மாற்றினால் இந்த இரைச்சல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம் தொடங்கும்போது மட்டும் கரகரவென்று வந்து அடங்குவது டிஸ்க் டிரைவ், அதாவது கேம் டிஸ்க் சுழலும் சத்தம். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

டிஸ்க் இல்லாமல், மெனுவில் சும்மா இருக்கும்போதே 'டிக்... டிக்... டிக்' என்று சீராக வந்தால் அது ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் தடுமாறும் சத்தம். அதற்கு மேல் சோதனை எதுவும் வேண்டாம். ரீபில்ட் கூடச் செய்யாதீர்கள், அது மொத்த டிஸ்க்கையும் படிக்க வைக்கும். கன்சோல் ஆன் ஆகும் அடுத்த முறையே சேவ் ஃபைலை நகலெடுத்துவிட்டு அணைத்து வையுங்கள். புது டிரைவ் வந்த பிறகு ஆன் செய்யலாம். வெளி டிரைவ் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சேவ் ஃபைல்களும் சிஸ்டமும் எப்போதும் உள்ளே உள்ள டிரைவில்தான் இருக்கும்.

அறிகுறி: கேம் பாதியில் மூடிக்கொண்டு எரர் காட்டுகிறது

பிஎஸ்4-இல் அதிகம் வருவது சிஇ-34878-0. 'அப்ளிகேஷனில் பிழை' என்பதைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை. அதனால் நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கேமில் மட்டும் வருகிறதா? அந்தக் கேமின் கோளாறு. சிஸ்டத்தையும் கேமையும் அப்டேட் செய்யுங்கள். போகவில்லையென்றால் சேவ் ஃபைலை நகலெடுத்துக்கொண்டு கேமை அழித்துத் திரும்பப் போடுங்கள்.

பல கேம்களில் வருகிறதா? ரீபில்ட் டேட்டாபேஸ். அதற்கும் மசியவில்லையென்றால், முழு பேக்கப்புக்குப் பிறகு, சேஃப் மோடில் ஏழாவது தேர்வான சிஸ்டம் மென்பொருளோடு சேர்த்து இனிஷியலைஸ் செய்வது. அவ்வளவும் செய்து, சுத்தமாக ஆரம்பித்த டிரைவிலும் திரும்ப அதே எரர் வந்தால் இரண்டு பேரில் ஒருவர்தான் குற்றவாளி: டிரைவ் அல்லது போர்டு.

இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு டிரைவ் வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்றால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே உள்ளது அந்த கன்சோலுக்கென்றே பூட்டப்பட்டது, கம்ப்யூட்டருக்குப் புரியாது, அது இயல்புதான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் தகவல்களை (டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் குறிப்புகள்) மட்டும் பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பெண்டிங் செக்டர்' (டிஸ்க்கில் பழுதான, பழுதென்று சந்தேகப்படும் பகுதிகள்) என்ற வரிகளின் மூல மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை இருந்தால், அதுவும் அடுத்தடுத்த நாளில் கூடிக்கொண்டே போனால், டிரைவை மாற்றத்தான் வேண்டும். இரண்டும் பூஜ்ஜியம், எரர் மட்டும் வருகிறது என்றால் சூடு, மெமரி, பவர் சப்ளை என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். அப்போது நல்ல டெக்னீஷியனிடம் காட்டுவதுதான் சரி.

அறிகுறி: 'சரியாக அணைக்கப்படவில்லை' என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது

கரண்ட் அடிக்கடி போகும் இடமா? அப்படியென்றால் அதுதான் காரணம். ரெஸ்ட் மோடில் விட்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இதே செய்தி வரும். அந்த நேரத்தில் டிரைவில் எழுதிக்கொண்டிருந்தால் ஃபைல்கள் கெடும். டிரைவை மாற்றுவதற்குப் பதில் அந்தப் பணத்தில் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், இல்லையென்றால் ரெஸ்ட் மோடை விட்டுவிட்டு முழுவதும் அணையுங்கள். வெளி யூஎஸ்பி டிரைவையும் மெனுவில் நிறுத்திவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். கரண்ட் போகவேயில்லை, ஒழுங்காக அணைத்தும் இது வருகிறது என்றால் டிரைவையும் பவர் சப்ளையையும் சந்தேகப்படலாம்.

அறிகுறி: சேஃப் மோடைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறது

சேமிப்பையே காணோம் என்று சொன்னால், பிஎஸ்4-இல் முதலில் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை வெளியே எடுத்து அழுத்திச் செருகுங்கள். இடம் மாற்றும்போது, தூக்கிப்போகும்போது இணைப்பு தளர்வது நடக்கும். அப்படியும் காணவில்லை என்றால் வேறு ஏதாவது ஒரு 2.5 அங்குல டிரைவைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதை அடையாளம் கண்டால் பழையது போய்விட்டது. அதையும் காணவில்லை என்றால் புது டிரைவுக்குச் செலவழிக்காதீர்கள், கோளாறு போர்டில்.

பிஎஸ்5-இல் எம்.2 போட்ட பிறகு இப்படி ஆனால் அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கழற்றியதும் நன்றாக வந்தால் எம்.2-தான் பிரச்சினை. கழற்றியும் வரவில்லை என்றால் சர்வீஸ்.

வாங்குவது என்று முடிவானால்

பிஎஸ்4-க்கு: 2.5 அங்குலம், தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள். இதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். 4 டிபி, 5 டிபி அளவுள்ள 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே போகாது. முதல் மாடலில் மேலே பளபளவென்று இருக்கும் மூடியை நகர்த்தினால் பிளேஸ்டேஷன் குறிகள் பொறித்த ஒற்றை ஸ்குரூ தெரியும். ஸ்லிம், புரோ இரண்டிலும் பின்பக்க மூலையில் ஒரு சின்ன மூடி. புது டிரைவில் சிஸ்டம் இருக்காது. அதனால் சோனி தளத்திலிருந்து 'ரீஇன்ஸ்டால்' ஃபைலை இறக்க வேண்டும். சாதாரண அப்டேட் ஃபைல் வேறு, அது சிறியது, இங்கே வேலைக்கு ஆகாது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று இன்னொன்று, இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். ஃபைல் கிடைக்கவில்லை என்று கன்சோல் சொன்னால் பத்தில் ஒன்பது முறை ஃபோல்டர் பெயர்தான் காரணம்.

பிஎஸ்5-க்கு: பிசிஐஇ ஜென் 4 என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு) வகை எம்.2. அதே வடிவத்தில் சாட்டா எம்.2-வும் விற்கிறது, அது வேலை செய்யாது. படிக்கும் வேகம் விநாடிக்கு 5,500 எம்பியாவது இருக்க வேண்டும் என்பது சோனியின் பரிந்துரை. அளவு 250 ஜிபியிலிருந்து, 2023 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 8 டிபி வரை. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்ப்யூட்டருக்கென்று விற்கும் உயரமான ஹீட்சிங்க் வாங்கினால் ஸ்லாட்டின் மூடி மூடாது. சொந்தமாக டிராம் (தற்காலிக மெமரி) இல்லாமல், கம்ப்யூட்டரின் மெமரியைக் கடன் வாங்கி வேலை செய்யும் எஸ்எஸ்டிகள் மலிவாகக் கிடைக்கும். அந்த வசதியை பிஎஸ்5 தருவதில்லை, அதனால் அவற்றின் வேகம் பெட்டியில் போட்டதைவிடக் குறையலாம். ஜென் 5 எஸ்எஸ்டிக்கு அதிகப் பணம் கொடுப்பதிலும் பிஎஸ்5-இல் பலன் இல்லை.

போட்ட பிறகு கன்சோல் அதைக் காணவில்லை என்றால், பெரும்பாலும் அது சரியாக உள்ளே போகாமல் இருக்கும். சாய்த்துச் செருகி, கடைசி வரை தள்ளிவிட்டு, பிறகு படுக்க வைத்து ஸ்குரூ போடுங்கள். ஸ்பேசரை (டிரைவின் நுனியைத் தாங்கும் சின்ன வளையம்) உங்கள் டிரைவின் நீளத்துக்கான துளைக்கு நகர்த்த மறந்துவிட்டால் டிரைவ் வளைந்து நிற்கும். ஆன் செய்ததும் ஃபார்மட் கேட்கும், முடிந்ததும் வேகத்தைக் காட்டும். அங்கே எண் மிகவும் குறைவாக வந்தால் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளி டிரைவ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. '16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' என்று நம்ப முடியாத விலைக்கு ஆன்லைனில் விற்பவை போலி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், அதன் கன்ட்ரோலர் மட்டும் பொய்யான அளவைச் சொல்லும். கன்சோலும் அதை நம்பி ஃபார்மட் செய்துவிடும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் கேம்கள் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும். புதிதாக வாங்கிய எந்த டிரைவையும் கன்சோலில் செருகும் முன் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். சில மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

பிஎஸ்4-இலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். புது டிரைவில் எல்லாக் கணக்குகளின் சேவ் ஃபைல்களும் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு கேமாகப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் பழையதை அதே கன்சோலில் திரும்பப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், வேறு கன்சோலில் போட்டால் அது திறக்காது. எல்லாம் சரியாக இருந்தால் பழையதை ஒரு 2.5 அங்குல யூஎஸ்பி 3.0 கேஸில் போட்டு வெளி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். டிக் டிக் சத்தத்துக்காகவோ செக்டர் எண்ணிக்கைக்காகவோ கழற்றிய டிஸ்க்காக இருந்தால் மட்டும் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.